யன்னலோரத்துப் பைன் மரம்

இத்தாலியின் பலேர்மோவில் மரம் ஏறிப் பிழைக்கிறவன் நான். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக, கட்டடங்களை ஒட்டி நின்ற எத்தனையோ மரங்களை இறக்கியிருக்கிறேன். ஓர் ஓடுகூட உடைந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

கால்சாப் பகுதியில் என் மனைவி பராமரித்த இத்தாலிய மூதாட்டி, சிஞ்ஞோரா, படுக்கையை விட்டு எழமாட்டார். அவருடைய கட்டில் கிடந்த அறையின் யன்னலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, முற்றத்தில் ஒரு கிழட்டுப் பைன் நின்றது. அதன் வேர் சுவரைப் பிளக்கத் தொடங்கியதால் வெட்ட அனுமதி கிடைத்திருந்தது. அந்த அனுமதியின் காலமும் முடியப் பார்த்தது. என்னோடு வேலை செய்யும் இருவரும் லீவில். எனக்கென்ன கவலை? ஞாயிறு பூசை முடிந்த கையோடு மாதா கோவில் வாசலில் நின்ற நம் ஊர் ஆட்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"சிஞ்ஞோரா அம்மாவை மற்ற அறைக்கு மாத்தட்டே?" என்று மனைவி கேட்டாள்.

"தேவையில்லை. நான் என்ன இண்டைக்குத்தான் மரம் ஏறுறனோ?"

அந்த முற்றத்தில் மரம் விழ இடமில்லை. ஒவ்வொரு கொப்பையும் கயிற்றில் கட்டி, உச்சியில் பூட்டிய கப்பி வழியாக மெல்ல இறக்க வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இளக்கிக் கொடுத்தால் போதும். ஓர் ஆள் வேலை. விளக்கிச் சொன்னேன். எல்லோரும் "ஓமோம்" என்றார்கள்.

ஆனால் இலங்கையில் எங்கள் வன்னியில் மரம் தறிப்பதென்றால், வடத்தைக் கட்டி அயல் முழுதும் திரண்டு இழுக்கும். கைக்கு ஊறிய பழக்கம். நான் மேலேறி அறுத்த முதல் கொப்பு முறிந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், எட்டுப் பேரும் சுற்றை உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுவை! ஊர் கூடினால் தேர் நகரும்தான். கொப்போ இறங்காமல் மேலே எகிறி, ஊஞ்சல் மாதிரி யன்னலை நோக்கிச் சுழன்றது.

"இழுக்காதையுங்கோ! விடவும் வேண்டாம்! அப்பிடியே நில்லுங்கோ!" என்று மேலிருந்து கத்தினேன்.

நின்றார்கள். கொப்பின் நுனி யன்னல் கதவை உரசிவிட்டுத் திரும்பியது. இறங்கிப் போய், நானே கட்டிலைத் தள்ளி சிஞ்ஞோராவை உள்ளறைக்கு மாற்றினேன். கயிற்றை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களைத் தெருவில் நிறுத்தினேன். பின்னேரம் மரம் முழுவதும் முற்றத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. யன்னல் கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. எல்லோரும் என் தோளில் தட்டினார்கள்.

மனைவி மட்டும் பைன் இலைகளைக் கூட்டிக்கொண்டே கேட்டாள்: "அம்மாவை விடுங்கோ. நானும் அந்த யன்னலடியிலதான் இருந்தனான். அது உங்களுக்கு நினைவிருந்ததோ?"

இருக்கவில்லை. இப்போது எங்கே மரம் வெட்டப் போனாலும், இயந்திர வாளைத் தொடுமுன் அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டி ஆட்களை வெளியே அனுப்புகிறேன். உள்ளே அவள் இருக்கிறாள் என்று நினைத்துத்தான் தட்டுகிறேன்.