கண்ணாடிக்காரனுக்கு ஒரு பைனாகுலர்

எனக்கு மைனஸ் ஏழு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் டெல்டா முழுக்க ஒரே பச்சைக் கரைசல். பயிரும் வானமும் ஒன்றுக்குள் ஒன்று ஊறிக் கிடக்கும். அதுவும் ஒரு சுகம்தான். வேலை மாற்றலாகிக் கீழ்வேளூருக்கு வந்த புதிதில், மார்கழிப் பனியில் வாய்க்கால் கரையில் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சும்மா நின்றிருக்கிறேன். ஆனால் பறவைக் கிறுக்கு பிடித்தவனுக்கு அந்தச் சுகம் எத்தனை நாள் தாங்கும்?

முதல் பைனாகுலரைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கித் தொலைத்தேன். "பன்னெண்டு மடங்கு சார், நிலாவுல பள்ளம் தெரியும்" என்றார். நிலா எவனுக்கு வேண்டும்? கண்ணாடியோடு வைத்தால் நடுவில் பொட்டளவு வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்கு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் குழலுக்குள் கொக்கு தெளிவாக நிற்கும். குழலை இறக்கினால் கொக்கும் இல்லை, வயலும் இல்லை. கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டுவதற்குள் அது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எரிச்சலில் பீரோ மேல் தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது முறை யார் பேச்சையும் கேட்கவில்லை. சென்னையில் ஒரு கடை வாசலில், கண்ணாடியைக் கழற்றாமலே நான்கு பைனாகுலர்களை மாற்றி மாற்றி வைத்து, எதிர்க் கட்டடத்துக் காக்கையைப் பார்த்தேன். கடைப் பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். நான்காவது எட்டு மடங்குதான். கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையத்தைத் திருகி உள்ளே இறக்கினால், கண்ணாடி போட்ட கண்ணுக்கும் படம் முழுசாக வந்து சேர்ந்தது. காக்கையின் கழுத்துச் சாம்பல் வரை தெரிந்தது. ஐயோ, இத்தனை வருஷம் என்னத்தைப் பார்த்துத் தொலைத்தோம் என்று வயிறெரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை வாய்க்கால் கரைக்குப் போனேன். பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கதிர் வந்த சம்பா நடுவே ஒரு மீன்கொத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த நீலத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உடம்பு இருப்பதே மறந்துவிட்டது.

"யாரு நீங்க? எதை அளக்குறீங்க?"

திரும்பினால் நான்கு பெண்கள். எரிவாயுக் கிணறு வருகிறது, குழாய் பதிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கையில் கருவியோடு எவன் வரப்பில் நின்றாலும் அவன் சர்வே ஆள்தான். முன்னால் நின்ற அக்காவின் மூக்கில் தடித்த கண்ணாடி. புரை எடுத்த கண்.

"குருவி பாக்குறேங்க்கா."

"குருவி பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? யாருகிட்ட கதை விடுறீங்க? அந்தாண்ட ரெண்டு மா நெலம் என் குத்தகை. இந்த மண்ணுல எவனாச்சும் கைய வெச்சான், நடக்கிறதே வேற." குரல்தான் கடுமை, பேசும்போதே எனக்கும் வயலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அந்த நிலம் போனால் அவளுக்கு வேறொன்றும் இல்லை என்பது சொல்லாமலே புரிந்தது.

"நீங்களே பாருங்க்கா" என்று நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றப் போனாள். "வேணாம், போட்டுக்கிட்டே பாருங்க." ரப்பர் வளையம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். வைத்தவள், "யம்மாடி!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் உயிர் வந்தது.

"தெரியுதா, நீலமா?"

"தெரியுது, தெரியுது. எவ்வளவு அழகா ஒக்காந்திருக்கு."

குழலை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது எதும்மேல ஒக்காந்திருக்கு?"

நெல்லுக்கு நடுவே மீன்கொத்தி உட்கார ஏது இடம் என்று எனக்கு ஒருகணமும் தோன்றவில்லை. வாங்கிப் பார்த்தேன். பறவையின் காலடியில், கதிர்களுக்கு மேலாக ஒரு சாண் நீட்டிக்கொண்டு ஒரு சர்வே கல். தலையில் சிவப்பு பெயின்ட், ஈரம் காயாத பளபளப்பு.

"அது என் வயலு. நாலு நாளாக் காய்ச்சல் சார், வயப்பக்கம் வரல" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பயிருக்குள் இறங்கி ஓடினாள். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள். மீன்கொத்தி எழுந்து பறந்தது. அது எந்தப் பக்கம் போனது என்று நான் பார்க்கவில்லை.