ஒரே பேரில் படித்த வகுப்பு

என் மருமகளைப் பற்றித் தெருவில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அவள் புத்திகெட்டத்தனத்தால்தான் கம்ப்யூட்டர் வகுப்பு போயிற்றாம். நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பாடமே கிடையாது. உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையும் பள்ளியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கின. மெஷினும் டீச்சர் சம்பளமும் தொழிற்சாலை பொறுப்பு, அறை பள்ளியின் பொறுப்பு. பிள்ளைகள் ஆர்வமாகப் படித்தால் அடுத்த வருஷமும் தொடரும், இல்லாவிட்டால் மெஷின்கள் வேறு பள்ளிக்குப் போகும் என்று பேச்சு. டீச்சராகப் போனவள் என் மருமகள். படித்த படிப்பைப் பரணில் போட்டுவிட்டு இத்தனை வருஷம் எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள்தான். வேலைக்குப் போன பிறகு, வாயில் சோறு இருக்கும்போதும் அந்தப் பிள்ளைகளின் பேச்சுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பேர், தனிக் கடவுச்சொல். அதை அடித்தால்தான் பாடம் திறக்கும். பிள்ளைகள் மறந்துவிடும். புதிதாக வாங்கத் தொழிற்சாலை ஆபீசுக்குப் போன் போட வேண்டும், அங்கே எடுக்க நாதியில்லை. பாதி வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் காலையில் எல்லா மெஷினிலும் தன் பேரையே போட்டுத் திறந்து வைத்தாள். அதன் பிறகு பாடம் தங்குதடையில்லாமல் ஓடியது.

வேன் ஓட்டுகிறவர் மகள் ஒருத்தி, வகுப்பிலேயே உயரம், நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பாடவேளைக்குத் தகுந்தபடி தானாகவே மணி அடிக்க மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் அவள். மணியடிக்கும் காவலாளி, “என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா பள்ளிக்கூடம் வர்றே?” என்று திட்டிவிட்டு, இன்னொரு தடவை அடித்துக்காட்டச் சொன்னாராம். மேல்வகுப்பிலும் இதையேதான் படிப்பேன் என்று அவள் வீட்டில் அடம்பிடித்து வைத்திருந்தாள்.

வருஷக் கடைசியில், யார் யார் பேரில் பாடம் திறந்தது என்று மெஷின் வைத்திருந்த கணக்கை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை அதிகாரி வந்தார்.

“டீச்சர், ஆரம்பத்துல கொஞ்ச நாள் பசங்க வந்திருக்காங்க. அப்புறம் வருஷம் முழுக்க நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க.”

இவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். நெட்டச்சி மணியடித்துக் காட்டினாள். அதிகாரி ரசித்துப் பார்த்தாராம்.

“நான் நம்பறேன் டீச்சர். ஆனா மேல ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. மெஷினை வேற ஸ்கூலுக்குச் சொல்லியாச்சு.”

தலைமையாசிரியர் பக்கத்திலேயே நின்றார். அறைச் சாவியை அப்போதே கேட்டு வாங்கிக்கொண்டார். போய்ச் சண்டை போடு என்று நான் சொன்னேன்.

“யார்கிட்ட அத்தை சண்டை போடறது? அவங்க பொய் சொல்லலையே. உள்ள இருந்தது என் பேருதானே.”

“பேரு உன்னுதுன்னா, படிச்சது அதுங்கதானே?”

“அது அங்க தெரியாது அத்தை.”

போன் எடுக்காதவன் மேல் தப்பில்லையாம், எடுக்கவில்லையே என்று வேறு வழி பார்த்தவள் மேல் தப்பாம். இது என்ன நியாயம் என்று இன்றைக்கும் கேட்பேன்.

மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நெட்டச்சி செய்து வைத்ததும் அதோடு போயிற்று. அந்த அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. மருமகள் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். போன வாரம் நெட்டச்சி கடைக்கு வந்தாளாம். கம்ப்யூட்டர் படித்ததற்கு அவள் பேரில் சான்று இல்லை என்று கணக்குப்பதிவியல் பிரிவில் சேர்த்துவிட்டார்களாம். அந்தப் பாடத்தில் ஏதோ பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு, “வரேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

“திட்டிட்டாவது போயிருக்கலாம் அத்தை,” என்றாள் இவள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். நானும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை.