துருப்பொடியோடு கேம்பல் பே வரை

கேம்பல் பே தொட்டித் தண்ணீரை நான் சோதிக்கவே இல்லை. சோதித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுபதுகளில் அந்தமானின் போர்ட் பிளேரில் நீர்ச் சோதனை என் வேலை. தென்கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயில் குடியேறிய பட்டாளத்துக் குடும்பங்கள் ஆறுக்கு ஒரே இரும்புத் தொட்டி. கூரையில் விழும் மழைநீர் அதில் சேரும். மாதிரி எடுத்துத் திரும்பும்போது கப்பல் ஆட்டத்தில் சீசா உருண்டு உடைந்தது. திரும்பிப் போகச் சோம்பல். போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக் குழாயில் வேறு சீசாவை நிரப்பி, "குடிக்கத் தகுந்தது" என்று முத்திரை குத்தினேன்.

அடுத்த ஆண்டு ஒரு கடிதம் வந்தது. எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. ஓய்வுபெற்ற ஹவில்தார் மாடசாமி இடது கையால் எழுதியிருந்தார்: எல்லோருக்கும் வயிற்று வலி, தன் வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது, தண்ணீர் நல்லதென்று நான் எழுதியதால் அதைச் சந்தேகப்படவில்லை. துரு ஏறாமலிருக்கத் தொட்டிக்குள் கப்பலுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தது நினைவுக்கு வந்தது. அதில் ஈயம் உண்டு.

காலை ஆறு மணிக்கு ஃபீனிக்ஸ் பேயில் இருபது பைசா டீயோடு கப்பல் ஏறினேன். அபர்டீன் பஜாரில் வாங்கிய சுண்ணாம்பும் இரும்பு உப்புக் கரைசலும் மடியில். பக்கத்துப் படுக்கையில் தூத்துக்குடித் தச்சர் அந்தோணி.

"என்ன சார், சீசாவக் கொழந்த மாதிரி கட்டிப் புடிச்சிருக்கீங்க? தாருதான, சச் போலோ, உண்மையச் சொல்லுங்க!"

"சாராயம் இல்லை. துரு செய்யப் போகிறேன்."

"துருவா? அதுக்கு ஏன் சார் செலவு? நம்ம கப்பலச் சுரண்டுங்க, டன் கணக்குல கெடக்கு!"

கார் நிக்கோபார், கமோர்ட்டா தீவுகளில் நின்று, மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு கேம்பல் பே. மாடசாமி இடது கையால் சல்யூட் அடித்தார். வலது கை துவைத்துப் போட்ட துணிபோலத் தொங்கியது. தொட்டி நீரில், ஈயம் இருந்தால் நிறம் காட்டும் சல்ஃபைடு சொட்டினேன். பழுப்பாயிற்று. ஈயம்தான்.

கிணறு உப்பு. புதுத் தொட்டி வர ஆறு மாதமாகும். அதுவரை துருதான் வழி; தண்ணீரிலுள்ள ஈயம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆணியில் படிந்த துருவில் ஒன்றும் நடக்கவில்லை. கரைசலில் சுண்ணாம்பு சேர்த்தபோது சேறாய் விழுந்த துருவோ ஈயத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. எத்தனை நுண்மையோ அத்தனை பரப்பு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அத்துகள்களை இன்று நானோ என்கிறார்கள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவை எந்தத் துணியிலும் நிற்காமல் தண்ணீரோடு வந்துவிடும் என்பதுதான்.

மாடசாமியின் மனைவி செல்லம்மா, வடிகட்டியும் செம்பழுப்பாயிருந்த குவளைத் தண்ணீரைப் பார்த்தார். "ரசம் வச்சிட்டீகளே சார். உப்புதான் கொறச்சல்."

வெட்கமாக இருந்தது. அவரே அடுத்துச் சொன்னார்: "மண்ணோட சேத்து வறுத்தா ஒட்டிக்கிடாதா?"

கழுவிய கடல் மணலில் அந்தச் சேற்றைப் பிசைந்து, இரும்புச் சட்டியில் ரவை வறுப்பதுபோல வறுத்தார். மணல் செங்காவியாயிற்று. ஓட்டைப் பீப்பாயில் அதை நிரப்பித் தொட்டித் தண்ணீரை ஊற்றினோம். தெளிவாக இறங்கியது. சல்ஃபைடு சொட்டினேன். நிறம் மாறவில்லை. இன்னொரு முறையும் சொட்டினேன்.

பிறகு உடைந்த சீசாவைப் பற்றிச் சொன்னேன். செல்லம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாடசாமி இடது கையால் பீப்பாயில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினார். "பட்டாளத்துல முத்திரையப் பாத்தா கேள்வி கேக்க மாட்டோம் சார். அதான் குடிச்சோம்" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

போர்ட் பிளேர் திரும்பி, பொய் அறிக்கையைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு நின்றது, தொட்டி வந்தது. வயிற்று வலிகள் நின்றன. மாடசாமியின் கை பாதிதான் திரும்பியது.

ஆண்டுதோறும் மாதிரி நீர் அனுப்பச் சொல்லியிருந்தேன். அவர் அனுப்பவில்லை, சீசாவை மடியில் வைத்து மூன்று நாள் கப்பலில் தானே கொண்டுவந்தார். வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. முழங்கால்களுக்கிடையே இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகி, என் சோதனைக் குழாயில் தானே ஊற்றினார்.

"இப்ப சொட்டு விடுங்க சார். நான் பாக்கேன்."

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான்.