வானபாமு

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டில் பாம்பைக் கும்பிடுவோம். நான் திருப்பதியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்த முதல் வருஷம் ஒருநாள், அடுத்த நாள் லேபில் ‘வானபாமு’ அறுக்க வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார்கள். என் தெலுங்கு கடைத்தெருத் தெலுங்கு. பாமு என்றால் பாம்பு என்று மட்டும் தெரியும்.

விசைத்தறி ஓட்டும் என் அப்பாவிடம், நைனாவிடம், சொன்னேன். “பாம்ப அறுத்துக்கினு ஒரு படிப்பா? வாணாம்மா, தறிக்கு வந்துடு” என்றார்.

தறிக்குப் போக நான் தயாராக இல்லை. காலையில் புற்றுக்குப் பால் ஊற்றி, “கோச்சுக்காத, நான் அறுக்கத்தான் போறேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

லேபில் தட்டில் கிடந்தது ஒரு மண்புழு. “பாமு எக்கட?” என்று தேடினேன். பக்கத்தில் நின்ற பெண் அந்தப் புழுவையே காட்டினாள். தெலுங்கில் மண்புழுவுக்கு அதுதான் பெயராம். அந்த வருஷம் முழுக்க முதுகெலும்பில்லாத பிராணிகள்தான் பாடம்; பாம்புக்கு முதுகெலும்பு உண்டு என்பதே பயத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. சிரித்துக்கொண்டே, புழுவைத் தட்டில் பொருத்தும் முதல் ஊசியைக் குத்தினேன்.

சாயந்திரம் நைனா, “அறுத்தியா?” என்றார்.

“அறுத்தேன்.”

அதற்கப்புறம் அவர் தறிப் பேச்சை எடுக்கவில்லை. படிப்பு முடிந்து, நெல்லூர்ப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்துத் தனியாகக் கிளம்பினேன். சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். நைனாதான் அவர்கள் வாயை அடைத்தார்: “பாம்பையே அறுத்தவ. அவளுக்கு இன்னா பயம்?”

இன்றுவரை நான் அதைத் திருத்தவில்லை. பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை. அன்று காலை நான் பஸ் ஏறியது பாம்பை அறுக்கத்தான்.