செல்வியின் போன்

மனைவி செல்வி இறந்த பிறகும் அவள் போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் சார்ஜ் போட்டே வைத்திருந்தேன். புளியங்குடியிலிருந்து அவள் அம்மா, மகள் இல்லையென்று தெரிந்தும், தினமும் அதற்குக் குரல் மெசேஜ் அனுப்புவார்.

சங்கரன்கோவிலில் எங்கள் வைஃபையைத் தெருவே பயன்படுத்தியதால், ஒரு ஆளை வரவழைத்தேன். அவர் கம்ப்யூட்டரில் வைஃபையின் பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றினார். செல்வியின் போன் மட்டும் இணையவில்லை.

“இதுக்கு லாக் என்ன அண்ணாச்சி?”

“தெரியாது தம்பி. என் வீட்டுக்காரி போனு. அவ இப்ப இல்ல.”

இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கேட்டதில்லை.

அவர் மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். “பழைய பேரு, பழைய பாஸ்வேர்டுலயே இந்த போனுக்கு மட்டும் தனியா ஒரு வைஃபை விடுதேன்” என்றார்.

விட்டதும் போன் சத்தம் கொடுத்தது. பூட்டிய திரையிலேயே தெரிந்தது, அத்தையின் குரல் மெசேஜ்.

போன மகளிடம் ஒரு தாய் தினமும் என்ன சொல்லுவாள்? என்னால் திறந்து கேட்க முடியாது. அத்தையிடம் கேட்கவும் மனம் வரவில்லை.