ட்யூப் இல்லாத டயரும் தடைமரத்துக் கயிறும்

என் மனைவியின் அண்ணன் தன் புது மோட்டார் சைக்கிளை எனக்கு இரவல் கொடுத்தபோது சேர்த்துக் கொடுத்த புத்திமதிகள் ஒரு மூட்டை. கண்ணாடியைத் திருப்பக் கூடாது. பின்னால் சாமான் கட்டக் கூடாது. கழுவினால் நிழலில் காயவிட வேண்டும். கடைசியாகக் குனிந்து டயரைத் தட்டி, "மாப்பிள்ளை, இதுல ட்யூப் கிடையாது. ஆணி ஏறிச்சின்னா..." என்று தொடங்கினார். நான் அதற்குள் ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

அந்தப் பேச்சின் மீதி எனக்குச் சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு முன் செய்ய வேண்டிய தவறையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்திருந்தேன்.

அப்போது மாத்தளை டவுனில் ஒரு கடையில் தையல் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வில்கமுவப் பக்கம் பெண்கள் வீட்டிலேயே மிதி மெஷின் போட்டுத் தைப்பார்கள். பஸ்ஸை நம்பிப் போனால் திரும்ப முடியாது என்றுதான் அந்த மோட்டார் சைக்கிள். யுத்தத்தின் கடைசிக் காலம் அது. கடைசி என்று எங்களுக்குத் தெரியாது. வில்கமுவவுக்கு வெளியே, மாத்தளை ரோட்டில் மண்மூட்டை அடுக்கிய ஒரு காவலரண் இருந்தது. குறுக்கே ஒரு தடைமரம். ஆறு மணிக்கு அதை இறக்கினால் விடிந்த பிறகுதான் தூக்குவார்கள்.

ஆகவே ஆறு மணிக்குள் நான் மரத்தைத் தாண்டி, வண்டியும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் மாட்டினால் இரவு முழுக்க விசாரணை. எங்கள் அடையாள அட்டையில் இரண்டு மொழி இருக்கும், சிங்களவர்களுடையதில் ஒன்றுதான். அட்டையை நீட்டினாலே கேள்வி ஆரம்பித்துவிடும். அந்தப் பக்கம் காடு; வண்டியில்லாமல் மாட்டினால் யானை. யானை அட்டை கேட்காது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

காவலரணில் ஊர்காவல்காரர் ஒருவர்தான் இருந்தார். என் வயசிருக்கும். பகலில் வயல், மாலையில் துவக்கு. காலையில் போகும்போதே என் பையைக் கிளறி, எண்ணெய்க் குப்பியை மோந்து பார்த்து அனுப்பியவர். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது வண்டியைச் சுற்றி வந்து, "மாத்தயா, பின் டயர்ல ஆணி" என்றார்.

நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்; மாத்தயா என்றால் ஐயா. என்னுடையது மாத்தளைக் கடைத்தெருச் சிங்களம். பயம் வந்தால் அதில் மரியாதை கூடிவிடும். துவக்கு வைத்திருப்பவர் ஒன்றைச் சுட்டிக் காட்டினால் உடனே கவனிக்க வேண்டும் என்று என் உடம்புக்குப் பழக்கம். பையிலிருந்த மூக்குக் குறடால் ஆணியைப் பிடித்து ஒரே இழுவையில் பிடுங்கினேன்.

புஸ்ஸ்ஸ்!

அவர் மண்மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு கையில் குறடு, ஒரு கையில் ஆணி.

மூட்டைக்கு மேலே தொப்பி தெரிந்தது. "காத்தா?"

"காத்துதான், ராலஹாமி." அந்த நிமிடமே அவரைப் பொலிஸ்காரராக்கிவிட்டேன்.

அப்போதுதான் மச்சானின் மீதிப் பேச்சு காதில் விழுந்தது: "...புடுங்காம அப்படியே ஓட்டிட்டு வாங்க. காத்து இறங்காது." ஆணியோடேயே வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். சாதாரண டயரிலேயே வாழ்ந்தவனுக்கு ஆணியைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

அறிவுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான், காற்று முழுக்கப் போகுமுன் மரத்தைத் தாண்டிவிடலாம் என்று ஏறி ஓட்டினேன். டயரின் உதடு இரும்பு வளையத்தை விட்டுக் கழன்று, வண்டி சரியாகத் தடைமரத்துக்கு அடியிலேயே நின்றது.

"அங்க நிப்பாட்டாதீங்க மாத்தயா! மரம் இறக்கணும்!"

இருவருமாக இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தோம். சீட்டுக்கடியில் மச்சான் வைத்திருந்த சாமான் பொட்டலம் கிடந்தது: முறுக்கிய கம்பி ஒன்று, காதுள்ள பெரிய ஊசி ஒன்று, ஒட்டும் கறுப்பு ரப்பர் திரிகள். ஊசியைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. நூல் கோக்கத் தெரியாதவனா நான்? கம்பியால் ஓட்டையைக் குடைந்தேன். திரியைக் காதில் கோத்துக் குத்தி, ஊசியை வெடுக்கென்று உருவினேன். திரி உள்ளே நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து அவரைப் பார்த்தேன்.

"வடிவா இருக்கு," என்றார். "காத்து?"

கை டிராக்டருக்கு வைத்திருந்த பம்பைக் கொண்டுவந்தார். நான் அடித்தேன். கழன்ற உதடு வழியே அத்தனையும் வெளியே போனது. அவர் அடித்தார். அவருடைய காற்றும் போனது.

டயரைச் சுற்றிக் கட்டி நடுவில் இறுக்கினால் உதடுகள் விரிந்து வளையத்தில் உட்காரும் என்று டவுனில் ஒரு டயர் கடையில் பார்த்திருந்தேன். பையில் மிதி மெஷினுக்குப் போடும் புதுத் தோல் பெல்ட் இருந்தது. சுற்றினேன். நீளம் நாலு விரல் கட்டை. இழுத்தேன். நாலு விரல்தான். பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் தேடினேன். என் கண் தடைமரத்தின் நுனியில் போய் நின்றது.

மரத்தின் ஒரு முனையில் பெரிய கல் கட்டியிருக்கும். அந்தப் பாரத்தில் மரம் தானாக மேலே நிற்கும். மறுமுனையில் தொங்கும் கயிற்றை இழுத்து, நிலத்தில் நட்ட குற்றியில் கட்டினால்தான் மூடும். நல்ல நீளமான கயிறு.

"அது வேணாம்," என்றார்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே."

"உங்க கண்ணு கேட்டுச்சு. ஆறு மணிக்கு ஜீப் வரும். மரம் தொறந்து கிடந்தா என் தோலை உரிச்சிருவாங்க."

"ஆறு மணிக்கு நானும் இங்கயே கிடந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என்னோடு இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மரத்தை இழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். மரம் விருட்டென்று மேலே போனது.

கயிற்றைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கினேன். அவர் பம்பின் மேல் விழுந்து விழுந்து எழுந்தார். "அடிங்க! அடிங்க!" என்று நான் கத்த, "அடிக்கிறேன், கத்தாதீங்க!" என்று அவர் கத்த, டொப்பென்று டயர் வளையத்தில் உட்கார்ந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் இல்லை. ஊர்ப் பக்கமிருந்து ஜீப் சத்தம் வந்தது. டயர் உப்பியதில் முடிச்சு இரும்பாகியிருந்தது. என் விரல்கள் நடுங்கிய நடுக்கத்தில் முடிச்சைத் தொடக்கூட முடியவில்லை.

"வெட்டிராதீங்க! அரசாங்கக் கயிறு!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடி, கல் இருந்த முனையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார். மறுமுனை இறங்கி ரோட்டை மறித்தது.

ஜீப் நின்றது. உள்ளிருந்த அதிகாரி, கல்லைச் சுமந்துகொண்டு சல்யூட் அடிக்க முயன்றவரைப் பார்த்தார். "என்ன செய்றே?"

"கல்லு சரியா கட்டியிருக்கான்னு பாக்குறேன் சேர்."

"இவன் யார்?"

"தையல் மெஷின் மாத்தயா, சேர். எங்க வீட்டு மெஷினையும் இவர்தான் பாத்தார்."

அவர் வீடு எந்தத் திசையில் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் சிரித்தேன். பயத்தில் சிரித்தால் என் முகம் திருடிவிட்டு வந்தது போலிருக்கும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அதிகாரி கயிறு சுற்றிய சக்கரத்தை ஒரு தடவை பார்த்தார். "போறதுன்னா எங்க பின்னாலயே வா. யானை நிக்குது."

கல் கீழே இறங்க, மரம் மேலே போனது. ஜீப் போனது. நானும் போனேன், டப் டப் என்று முடிச்சு ரோட்டில் அடிக்க அடிக்க.

வளைவு திரும்பியதும் அந்தச் சத்தம் என்னைத் தின்னத் தொடங்கியது. முன்னால் ஜீப்பின் சிவப்பு விளக்கு. அதை விட்டால் காடு. பின்னால் கயிறில்லாத ஒரு தடைமரம், அதன் கீழே கல் சுமக்கும் ஒரு மனுஷன். விடியும்வரை சுமப்பாரா? நிறுத்தினேன். விளக்கு மறைந்தது. ஆச்சரியம், இப்போது விரல் நடுங்கவில்லை. யானைக்குப் பயந்து வேகமாக வேலை செய்யும் விரல்கள், மனுஷனுக்குப் பயந்தால்தான் மரத்துப்போகும் போலிருக்கிறது. குறடால் நெம்பியதும் முடிச்சு விட்டுக்கொடுத்தது. வண்டியைத் திருப்பினேன்.

தடைமரம் மூடியிருந்தது. ஒழுங்காக, அழகாக, குற்றியோடு சேர்த்து என் தோல் பெல்ட்டால் கட்டியிருந்தது. அவர் மண்மூட்டையில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"போகலையா மாத்தயா?"

கயிற்றை நீட்டினேன். வாய் நிறைய வெற்றிலையோடு அவர் சிரித்த சிரிப்பில் மரமே ஆடியது. "இதுக்கா திரும்பி வந்தீங்க? ஜீப்பை விட்டுட்டு?"

"பெல்ட் என்னோடது," என்றேன் விறைப்பாக. "நாளைக்கு ஒரு வீட்டு மெஷினுக்குப் போடணும்."

கயிற்றைக் கட்டிவிட்டுப் பெல்ட்டை அவிழ்த்துத் தந்தார். "ஹோர்னை அடிச்சுக்கிட்டே போங்க. பாட்டு பாடாதீங்க, யானை வந்துரும்."

மாத்தளை போகும்வரை ஹோர்னிலிருந்து விரலை எடுக்கவில்லை. மறுநாள் மச்சான் டயரைத் தடவித் தடவிப் பார்த்து, "இதென்ன மாப்பிள்ளை, கறுப்பா ஒண்ணு நிக்குது?" என்று கேட்டார்.

"ஆணி ஏறிச்சு மச்சான். நீங்க சொன்னபடியே செஞ்சேன்."

"அப்ப ஹோர்ன் ஏன் வேலை செய்யல?"