பாவுக்கு அடியில் போன கார்

இதுவரை எனக்கு மூன்று ஸ்போர்ட்ஸ் கார்கள் சொந்தமாக இருந்திருக்கின்றன. மூன்றாவது இப்போது மெக்கானிக்கிடம் இருக்கிறது. இரண்டாவது, என்னிடம் இருந்த காலம் முழுக்க மெக்கானிக்கிடம்தான் இருந்தது. அவற்றில் ஏறி இறங்க நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, இதற்குப் பதில் ஒரு நல்ல நாற்காலி வாங்கியிருக்கலாம் என்பாள் என் மனைவி. முதல் கார் மட்டும் என்னை ஒருநாளும் படுத்தியதில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் காரிலும் பாதிதான் என்னுடையது. இடது பக்கத்து இருக்கை.

மற்ற பாதி மாமாவுடையது. அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஆரணியிலிருந்து பட்டுப்புடவைகளை மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஒருமுறை பஸ்ஸில் போனவர், தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிவப்புக் காரில் திரும்பி வந்தார். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊரில் கார் என்றால் உருண்டையாக, உயரமாக, கல்யாணத்துக்கு வாடகைக்கு வருவது. இதற்குக் கூரையும் இல்லை, பின்பக்க இருக்கையும் இல்லை.

"குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வெச்சி ஓட்டிகினு வந்துக்கிறான்" என்றார் அப்பா. அன்றிலிருந்து ஊருக்கே அது தொட்டி.

தினமும் சாயங்காலம் தொட்டியில் ஒரு சுற்று. இடது பக்கம் நான். தலை வெளியே தெரியாது என்பதால் வழியில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கை ஆட்டிக்கொண்டே போவேன்.

இந்த ராஜ வாழ்க்கைக்கு ஒரே ஒரு ஆபத்துதான் இருந்தது. மாமாவுக்கு அம்மா பெண் தேடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு வராது. இந்தக் கணக்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. இருப்பது இரண்டு இருக்கை. மாமாவுக்கு ஒன்று, மாமா பெண்டாட்டிக்கு ஒன்று. மாமாவுக்குக் கல்யாணமே ஆகக் கூடாது என்று ஊரில் உள்ள எல்லாச் சாமியிடமும் வேண்டிக்கொண்டேன்.

சாமிகள் வேறு வேலையாக இருந்தார்கள் போலிருக்கிறது. கலசப்பாக்கத்தில் ஒரு பெண் அமைந்தது. பார்க்கப் போகும் நாளில் அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோடு முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். ராகு காலத்துக்கு முன்னால் மாமாவும் நானும் காரில் போய் இறங்குவதாக ஏற்பாடு. அதற்காக முந்தின நாளே காரைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அங்கேதான் தப்பு செய்தார்.

காலையில் கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். எதிர்வீட்டில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். பல புடவைகளுக்கான பட்டு இழைகள், கழிகளின் மேல், தெருவின் நீளத்துக்கு, மார்பு உயரத்தில் விறைப்பாக நின்றன. எங்கள் வீடு தெருவின் மூடிய முனையில் இருந்தது. பாவு நீட்டிவிட்டால் எங்கள் தெருவில் சைக்கிள் போகாது, மாடு போகாது. சாமி ஊர்வலம்கூட அடுத்த தெருவழியாகத்தான் போகும். நான் சாமிகளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"பஸ்ல போய்டேம்பா" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"பஸ்ல போய் எறங்கினா, கார் வெச்சிக்கிறேன்னு எவன் நம்புவான்?" என்றார் மாமா.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "தொட்டிதான் எங்க இடுப்புக்குக் கீழ கீதே. கண்ணாடிய மடக்கிட்டு அடியிலயே தள்ளிடலாம்!"

எதிர்வீட்டுக்காரர் நெடுநேரம் தாடையைத் தடவினார். பிறகு நிபந்தனைகள் வந்தன. இன்ஜின் ஓடக் கூடாது, புகை பட்டுக்கு ஆகாது. காரின் முன்பக்கமும் பின்பக்கமும் வெளுத்த வேட்டி போர்த்த வேண்டும். மாப்பிள்ளையின் தலையில் எண்ணெய் மினுங்குகிறது, அதைத் துண்டால் கட்ட வேண்டும். ஆக, பெண் பார்க்கப் புறப்பட்ட மாமா, தலையில் முண்டாசோடு காருக்குள் மல்லாந்து படுத்தார். பக்கத்தில் நான். பின்னால் இரண்டு பேர் தள்ள, இரண்டு பக்கமும் ஆட்கள் ஒவ்வொரு கழியாகத் தூக்கித் தூக்கி வழிவிட, கார் நகர்ந்தது.

என் மூக்குக்கு மேலே மாம்பழ நிறத்தில் ஒரு வானம் போய்க்கொண்டிருந்தது. அதன் இடுக்கில் காலை வெயில் பொடிப்பொடியாக விழுந்தது.

"நிறுத்துங்க! இழ அறுந்துடுச்சி!"

எதிர்வீட்டு அக்காவின் குரல். அறுந்த இழைகளைப் பிணைப்பது அவள் வேலை. கார் நின்றது. மாமாவின் முகத்துக்கு நேர் மேலே, பட்டுக்கு அந்தப் பக்கம், அவள் முகம் குனிந்தது. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு இரண்டு முனைகளையும் முறுக்கினாள். மாமா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்காததால் சாம்பல் நேராகக் கண்ணில் விழுந்தது.

"அய்யோ, கண்ல பட்டுச்சாங்க?"

"இல்லீங்க" என்றார் மாமா. கண்ணிலிருந்து தண்ணீர் காதுவரை ஓடியது.

"பொய்யிக்கா. மாமா அழுவுறாரு" என்றேன்.

அவள் சிரித்தாள். கார் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் இழை அறுந்தது. பிறகு இன்னும் ஒன்று. என் பக்கத்தில் ஒன்றுகூட அறுந்துபோகவில்லை.

"இன்னாம்மா, ஒரே எடத்துல எத்தினி இழ?" என்று தெருக்கோடியிலிருந்து அவள் அப்பா கத்தினார். "ஜல்தி முடி. அவரு பொண்ணு பாக்கப் போவணும்."

"நூலு சரியில்லப்பா" என்றாள் அவள்.

கலசப்பாக்கத்துக்கு ராகு காலத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். பெண் வந்து வணங்கினாள். மாமா சிவந்த கண்களோடு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கேசரியையும் நானே தின்றேன். வீடு திரும்பியதும் அம்மாவிடம், "வேணாம்க்கா" என்றார்.

"ஏன்டா, பொண்ணு மூக்கும் முழியுமா கீது. இன்னா கொற?"

"கண்ணு எரிஞ்சிது. சரியாவே பாக்கல."

"பேஜார் புடிச்சவனே, அப்ப இன்னொரு தபா போய்ப் பாரு."

"வேணாம்க்கா."

என் இருக்கை தப்பித்தது! துள்ளிக் குதித்துத் தெருவுக்கு ஓடினேன். பாவைச் சுருட்டி எடுத்துப்போயிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"போன காரியம் இன்னாடா ஆச்சி?" என்று, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமாக்குப் புடிக்கல. கல்யாணம் கெடையாது!"

உள்ளே போனவள் இரண்டு கையும் கொள்ளாத அதிரசத்தோடு வந்து என் சட்டையைப் பை மாதிரி பிடிக்கச் சொல்லிக் கொட்டினாள். என் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஒரு ஆளாவது இருக்கிறதே என்று எனக்கு நெகிழ்ந்துவிட்டது. ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் போலிருந்தது.

"ஒரு நாளிக்கி நீயும் எங்க கார்ல வாக்கா. மாமா கிட்ட நான் சொல்றேன்."

"ரெண்டு சீட்டுதானடா கீது. நீ எங்க உக்காருவே?"

கார் வைத்திருப்பவனுக்குத் தாராள மனசு வேண்டும். அதிரசத்தைக் கடித்தபடி சொன்னேன்.

"பரவால்லக்கா. நான் எறங்கிக்கிறேன். ஒரே ஒரு தபாதான?"